ஜிப் மட்டும்தான் பாக்கி

“வியாழக்கிழமை வந்துடுங்க டீச்சர். ஜிப் மட்டும்தான் பாக்கி.”

இதைச் சொல்லும்போது டெய்லர் லசீசியின் உதடுகளுக்கு நடுவே நாலைந்து குண்டூசிகள் இருக்கும். பார்வை நம் மேல் இருக்காது, மெஷினில் ஓடும் துணி மேல் இருக்கும். அந்தத் துணி நம்முடையது அல்ல. நம்முடையது எங்கே என்று கேட்டால், தலைக்கு மேலே பரணில் கிடக்கும் மூட்டைகளை மோவாயால் காட்டுவார். எந்த வியாழக்கிழமை என்று கேட்கிறவர்கள் ஊருக்குப் புதியவர்கள்.

என் மகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு என்று கொடுத்த துணி, அவள் கல்யாணம் முடிந்து பிள்ளைப்பேற்றுக்கு வந்தபோது தைத்துக் கிடைத்தது. அதைப் பிரித்துத் தலையணை உறையாக்கிவிட்டோம். இன்னும் அந்த ஆளிடமே ஏன் போகிறாய் என்று என் கணவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் லசீசி தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனால், என் வயிறு எங்கே போயிற்று என்று எனக்கே தெரிவதில்லை. அந்த ஒரு மயக்கத்துக்காக எத்தனை வியாழக்கிழமைகளை வேண்டுமானாலும் தொலைக்கத் தயாராக இருக்கிறேன். பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் வேலையில் இருப்பவள் இப்படி.

எங்கள் ஊர் இலேபாவில், இபாதான் நகருக்குப் போகும் சாலை சந்தைத் தெருவைத் தொடும் முக்கில் அவர் கடை. ஆள் ஒல்லி, உயரம். தலையில் ஒருபக்கமாகச் சரிந்த துணித் தொப்பி. போட்டிருக்கும் அங்கியின் அக்குள் தையல் எப்போதும் விட்டுப்போயிருக்கும். சுட்டிக்காட்டினால் அவருக்குக் கோபம் வராது. “தைக்கக் குடுத்திருக்கேன் டீச்சர். டெய்லர் இழுத்தடிக்கிறான். நம்பவே முடியாத பய,” என்பார்.

சாக்குச் சொல்வதில் அவர் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் இல்லை, உதவிக்கு இருந்த ஆள் ஓடிப்போய்விட்டான். உதவிக்கு ஆள் என்று அந்தக் கடையில் ஒருநாளும் யாரும் இருந்ததில்லை. எல்லாம் தீர்ந்துபோனால் கடைசியாக மாமியாரைச் சாகடிப்பார். “மாமியார் தவறிட்டாங்க, அடக்கத்துக்குப் போயிருந்தேன்,” என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்த அம்மாள் சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் கரியடுப்பு வைத்து வாழைக்காய் சுட்டு விற்கிறாள். சிலிஃபாவின் அம்மா என்று ஊரே கூப்பிடும். சிலிஃபா லசீசியின் மனைவி. யாராவது துக்கம் விசாரிக்கும் முகத்தோடு கடையை விட்டு இறங்கினால் போதும், அங்கிருந்து குரல் வந்துவிடும்.

“என்னடா லசீசி, இன்னைக்கும் நான் செத்துட்டேனா? சாயங்காலம் வீட்டுக்கு வரலாமா, இல்ல குழியிலயே கிடக்கட்டுமா?”

“வாங்க அத்தை, வாங்க. உங்களுக்கு ஆயுசு கெட்டி.”

துணி சொன்ன நாளில் கிடைக்காததால் வந்தவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருப்பவர்களுக்காகக் கடை வாசலில் நீளப் பெஞ்ச் ஒன்று கிடக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் சும்மா இருப்பார்களா? பேசுவார்கள். எங்கள் நாட்டில் மாநிலத்தை ஆளும் கவர்னரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம்; தேர்தல் வந்துவிட்டால் கவர்னருக்கு நிற்பவர்களை வைத்துப் பேசுவார்கள். இவன் மேலா அவன் மேலா என்று மாலைவரை இழுப்பார்கள். இலேபா மக்களின் அரசியல் அறிவு முழுவதும் லசீசியின் சோம்பலால் வளர்ந்தது.

நானும் அந்தப் பெஞ்சில் வளர்ந்தவள்தான். மேல்நிலைப் பள்ளியில் குடிமையியல் பாடம் நடத்துகிறேன். தேர்தல்தோறும் வகுப்புக் கரும்பலகையில் கட்டம் போட்டு, பள்ளிக்கூடம், தண்ணீர், சம்பளம், சாலை என்று ஒவ்வொன்றிலும் எந்த வேட்பாளர் என்ன சொன்னார் என்று எழுதி, மதிப்பெண் கொடுத்துக் கூட்டி, அதிகம் வாங்கியவருக்கு ஓட்டுப் போடுவேன். அப்படி நான் ஓட்டுப் போட்ட ஒருவர்கூட கவர்னர் ஆனதில்லை. ஒருவர் வாக்குப்பதிவுக்கு முந்தின வாரம் எதிர்க்கட்சியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பெஞ்சில் இது பிரசித்தம். “டீச்சர் யாருக்குன்னு சொல்லிட்டாங்களா? சரி, அப்ப அவன் போயிட்டான்,” என்று பேசிக்கொள்வார்கள். ஒரு தடவை கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, தயவுசெய்து எதிராளிக்கு ஓட்டுப் போடுங்கள் என்று மிகப் பணிவாகக் கேட்டுக்கொண்டு போனார்.

லசீசிக்குக் கட்டமும் வேண்டாம், கூட்டலும் வேண்டாம். வேட்பாளர்களை அவர் சக தையற்காரர்களாகப் பார்ப்பவர். ரேடியோவில் பேச்சு ஓடும், காலடியில் மெஷின் ஓடும், இடையிடையே தீர்ப்பு வரும். “இவன் வியாழக்கிழமை ரகம். கிழமையைச் சொன்னான், எந்த வாரம்னு சொல்லலை பாருங்க.” “இவன் கரண்ட் இல்லைங்கிற ரகம். எல்லாத்துக்கும் போன ஆட்சியைக் கைகாட்டுறான்.” ஒருவர் விமான நிலையம், கப்பல் துறைமுகம் என்று அடுக்கிக்கொண்டே போனபோது மெஷினையே நிறுத்திவிட்டார். எங்கள் மாநிலத்துக்குக் கடல் கிடையாது. “மாமியாரைச் சாகடிக்கிற கட்டத்துக்கு வந்துட்டான், பாவம்,” என்றார். ரகம் பிரிப்பதில் கெட்டிக்காரர்தான். ஆனால் யார் ஜெயிப்பார் என்று சொல்லச் சொன்னால் அவர் லட்சணமும் என் லட்சணமும் ஒன்று. போன தடவை நாங்கள் ஆளுக்கொரு தோற்றவரைப் பிடித்து வைத்திருந்தோம்.

இந்தத் தேர்தலில்தான் விளையாட்டு வினையாகிவிட்டது. அவர் கடைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் பெரிய பெருக்கல் குறி ஒன்று உண்டு. சாலையை அகலப்படுத்தும்போது இந்தக் கட்டடம் இடிக்கப்படும் என்று பொருள். அதற்கு அடியில் வெளிறிப்போன இன்னொரு குறி, அதற்கும் அடியில் மங்கலாக மற்றொன்று. பதவிக்கு வருகிற ஒவ்வொரு கவர்னரும் ஆள் அனுப்பிக் குறி போடுவார். பிறகு மறந்துவிடுவார். லசீசி அவர்களை ஒருநாளும் திட்டியதில்லை. “அவங்களும் என்னை மாதிரிதான். அளவு எடுத்தாங்க, தைக்கலை,” என்பார்.

இந்த முறை போட்டி இரண்டு பேருக்கு நடுவில். முதலில் அல்ஹாஜி தியாமியு மேளதாளத்தோடு வந்தார். சிலிஃபாவின் அம்மாவிடம் சுட்ட வாழைக்காய் வாங்கி, போட்டோவுக்காக ஒரு கடி கடித்தார். போட்டோ சரியாக விழாததால் இன்னொரு கடி. மீதியைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டுச் சாலையைத் தாண்டி வந்து லசீசியைக் கட்டிக்கொண்டார். பெருக்கல் குறியின் மேல் உள்ளங்கையை வைத்து, “இந்தச் சுவரை எவனாவது தொடணும்னா என் பொணத்தைத் தாண்டித்தான் வரணும்!” என்று முழங்கினார். பெஞ்ச் மொத்தமும் எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன், பக்கத்தில் எல்லோரும் தட்டினால் எனக்குக் கை தானாக எழுந்துவிடும்.

கூட்டம் கலைந்ததும் லசீசி ஊசியில் நூல் கோத்தபடி சொன்னார்: “நல்ல வேலைக்காரன். இவன்கிட்ட நான் இன்னும் தொழில் கத்துக்கலாம்.”

“அப்ப சுவரு நிக்குமா நிக்காதா?” என்று கேட்டார் பக்கத்துக் கடையில் முடிவெட்டும் ஜிமோ.

“பொணத்தைத் தாண்டின்னு சொன்னான் இல்ல? அது என் மாமியார் பொணம் மாதிரிதான்.”

மற்றவர் என்ஜினியர் ஃபடேயி. அவர் ஊருக்கு வருமுன் ரேடியோவில் வந்தார். தான் ஜெயித்தால், மழை நின்றபின் வரும் முதல் திங்கட்கிழமை இபாதான் சாலையை அளக்க ஆள் வரும் என்றார். “அளந்து, கோட்டுக்குள்ள விழுற கடைங்களை இடிப்போம். இலேபா முக்குல சில கடை போகும். சந்தைக்குப் பின்னால வேற கடை கட்டிக் குடுத்துட்டுத்தான் இடிப்போம். அந்தக் கடைக்காரங்க எனக்கு ஓட்டுப் போடமாட்டாங்கன்னு தெரியும்,” என்றார்.

லசீசி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் குத்தினார். “துணி வாங்கும்போதே ‘இது கிழிஞ்சிடும்’னு எந்த டெய்லராவது சொல்வானா? இவனுக்குத் தொழிலே தெரியலை.” கொஞ்ச நேரம் கழித்து, “பொய்யாத்தான் இருக்கும்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முக்கை விட்டால் அவருக்குப் பிழைப்பு இல்லை. சந்தைக்குப் பின்புறம் என்பது ஆடு விற்கும் இடம். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவள் கடையைப் பார்த்து, அட, இங்கேயே தைக்கக் கொடுத்துவிடுவோமே என்று நுழைவதில்தான் அவர் அடுப்பு எரிகிறது. “என்னைத் தெரியாதவங்க வந்தாத்தான் எனக்குச் சோறு டீச்சர். தெரிஞ்சவன் எவன் தேடிக்கிட்டு வருவான்?” என்றார். ஆகவே இருவரில் யார் நல்லவர் என்பது அவர் கவலையாக இல்லை. ஃபடேயியும் தன்னைப் போன்ற ஆள்தானா என்பது மட்டுமே கவலை.

அதைக் கண்டுபிடிக்க வழி தானாக வந்தது. எங்கள் சந்தைப் பெண்கள் சங்கம் எந்தக் கட்சியையும் பகைத்துக்கொள்வதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் எல்லா வேட்பாளர்களுக்கும் அக்பாடா என்னும் அகன்ற மேலங்கி தைத்துப் பரிசளிக்கும். இந்தத் தடவை வேலையை லசீசியிடம் கொடுத்தார்கள். சங்கத் தலைவியின் வயிற்றையும் அவர்தான் மறைக்கிறார்.

“ரெண்டு பேரையும் அளவு குடுக்க நேர்ல வரச் சொல்லப்போறேன்,” என்றார் லசீசி. “சொன்ன நேரத்துக்கு எவன் வர்றான்னு பார்ப்போம். ஃபடேயி வரலைன்னா என் கடைக்கு ஆபத்தில்லை.”

தியாமியுவுக்கு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும். வரவில்லை. மாலையில் ஒருவர் வந்து அல்ஹாஜியின் பழைய அங்கி ஒன்றைப் போட்டுவிட்டு, “இதே அளவுக்குத் தைக்கச் சொன்னாரு. அவருக்கு ஒரு சாவு,” என்றார். லசீசியின் முகம் மலர்ந்தது. “யாரு, மாமியாரா?” என்று கேட்டார்.

ஃபடேயிக்கு அடுத்த புதன், காலை பத்து மணி. எனக்குப் பள்ளி விடுமுறை. வேடிக்கை பார்க்க முன்பே போய்ப் பெஞ்சில் இடம் பிடித்துவிட்டேன். பத்துக்குக் கொஞ்சம் முன்னால் புழுதி படிந்த கார் ஒன்று வந்து நின்றது. கண்ணாடி போட்ட குட்டையான மனிதர் இறங்கினார். மேளம் இல்லை, ஓட்டுநரைத் தவிர ஆள் இல்லை.

“டெய்லர் இருக்காரா?”

டெய்லர் இல்லை. கதவில் பூட்டுத் தொங்கியது. பரீட்சை வைத்தவர் பரீட்சைக்கு வரவில்லை.

“பரவாயில்லை, இருக்கேன்,” என்று எனக்கும் மீன் விற்கும் பெண்ணுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார் ஃபடேயி. ஒரு வேட்பாளர் எதிர்ப்பட்டால் என்னென்ன கேள்வி கேட்க வேண்டும் என்று நான் பாடமே நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு என் வாயில் வந்தது “வெயில் ஜாஸ்தி” என்பதுதான். “ஆமாம்மா,” என்றார் அவர். எங்கள் விவாதம் அத்தோடு முடிந்தது. சிலிஃபாவின் அம்மா மனசு கேட்காமல் ஒரு வாழைக்காயைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். முழுவதையும் தின்றார்.

வெயில் உச்சிக்கு ஏறி இறங்கத் தொடங்கிய பிறகு லசீசி வாடகை மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். பெஞ்சைப் பார்த்தார். இறங்கிய கால் அப்படியே நின்றது.

“பத்து மணிக்கு வரச் சொன்னீங்க,” என்றார் ஃபடேயி.

“ஐயா... மன்னிக்கணும் ஐயா. என் மாமியார் தவறிட்டாங்க.”

“அப்படியா? இப்பத்தானே எனக்கு வாழைக்காய் குடுத்தாங்க.”

“அடப் பாவி, கவர்னருக்கு நிக்கிறவர்கிட்டயுமாடா!” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கூச்சல் வந்தது. பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. ஃபடேயியும் சிரித்தார். லசீசி சிரிக்கவில்லை. கதவைத் திறந்து அளவெடுக்க ஆரம்பித்தார். தோளை அளந்தார், மறந்துபோய் மறுபடி அளந்தார்.

“ஐயா, ரேடியோவில சொன்னது...”

“நிஜம்தான். உங்க கடை கோட்டுக்குள்ள வரும்னுதான் நினைக்கிறேன்.”

“சந்தைக்குப் பின்னால ஆடுதான் வரும் ஐயா. ஆள் வராது.”

“பஸ் நிறுத்தத்தையும் அந்தப் பக்கம் மாத்தப் பார்க்கிறேன். அது என் ஒருத்தன் கையில இல்லை. அதனால சத்தியம் பண்ணமாட்டேன்.” சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, “அங்கியை எப்ப வாங்கிக்கலாம்?” என்று கேட்டார்.

நான் லசீசியின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘வியா’ என்று தொடங்கிவிட்டன. அங்கேயே நின்றுபோயின. “தெரியலை ஐயா,” என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை அது.

கார் போனதும் தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தார். “போச்சு டீச்சர். இவன் சொன்னதைச் செய்யிறவன். இவன் ஜெயிச்சா என் கடை போச்சு.” சட்டென்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீங்கதான் காப்பாத்தணும். இவனுக்கே ஓட்டுப் போடுங்க. உங்க ராசியில தோத்துடுவான்.”

என் கரும்பலகையிலும் ஃபடேயிதான் முன்னால் நின்றார். போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் என் ஓட்டின் சக்தியை நம்பி ஒரு மனிதர் இவ்வளவு கெஞ்சிக் கேட்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எங்கள் வாக்குச்சாவடி பள்ளி மாமரத்தடியில். பதிவு முடிந்ததும் அங்கேயே பெட்டியைக் கவிழ்த்து, அதிகாரி ஒவ்வொரு சீட்டாக உயர்த்திக் காட்ட, சுற்றி நிற்கும் கூட்டம் சேர்ந்து உரக்க எண்ணும். முக்குக் கடைக்காரர்களும் அவர்கள் வீட்டாரும்தான் அந்தச் சாவடியில் ஓட்டுப் போடுகிறவர்கள். தியாமியு, தியாமியு என்றே போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஃபடேயிக்கு ஒரு சீட்டு விழுந்தது. கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பி ஆரவாரம் செய்தது. “டீச்சர் கடமையைச் செஞ்சுட்டாங்க!” நான் முழங்கால் மடக்கி எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன்.

எண்ணிக்கை முடியப்போகும் நேரத்தில் ஃபடேயிக்கு இன்னொரு சீட்டு வந்தது. “ரெண்டு,” என்று எண்ணியவர் அதிகாரி மட்டும்தான்.

“எவன்டா அது?” என்று சிலிஃபாவின் அம்மா எழுந்தாள். “என் மருமகன் வயித்துல அடிச்சது எவன்டா?”

ஜிமோவின் மைத்துனன் ஃபடேயியின் கட்சியில் இருக்கிறான். இரண்டு பேர் போய் ஜிமோவின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். “என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் இல்லை!” என்று அவர் அலறினார்.

“அவனை விடுங்க,” என்றார் லசீசி. “நான்தான் போட்டேன்.”

பிடித்த கைகள் தளர்ந்தன. சிலிஃபாவின் அம்மா அவர் முன்னால் வந்து நின்றாள். “ஏன்டா?” என்று மட்டும் கேட்டாள்.

“அரைநாள் என் பெஞ்சில உட்கார்ந்திருந்தான் அத்தை. கத்தலை, எழுந்து போகலை. தியாமியுவுக்குத்தான் கைநாட்டு வைக்கலாம்னு விரலை மையில தோய்ச்சேன். சீட்டில தியாமியு சின்னத்தைப் பார்த்தா என் மூஞ்சியையே பார்த்த மாதிரி இருக்கு. நானே கவர்னருக்கு நின்னாலும் எனக்கு நான் ஓட்டுப் போடமாட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அந்த மனிதர் மேல் அன்றைக்கு வந்த பிரியம் இன்னும் போகவில்லை.

ஃபடேயி ஜெயித்தார். நான் ஓட்டுப் போட்டு ஒருவர் கவர்னர் ஆனது அதுதான் முதல் தடவை. கொண்டாட ஊரில் இடமில்லை. “இந்தத் தடவைதானா உன் ஓட்டு வேலை செய்யணும்?” என்று சிலிஃபாவின் அம்மா பல நாள் எனக்கு வாழைக்காய் விற்க மறுத்தாள். லசீசி திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். சங்கம் தைக்கக் கொடுத்த அக்பாடா பரணிலேயே கிடக்க, ஃபடேயி வேறு எதையோ போட்டுக்கொண்டு பதவியேற்றார். “கடையை இடிக்கிறதுக்குள்ளயாவது என் கவுனைத் தருவியா?” என்று கேட்டவளுக்கு, “இடிச்சா பரண்லேருந்து தானா விழும், எடுத்துக்கம்மா,” என்று பதில் சொன்னார்.

மழை நின்று வறண்ட காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரத் தொடங்கியது. முதல் திங்கட்கிழமை காலை நான் பள்ளிக்குப் போகும் வழியில், முக்கில் அரசு ஆட்கள் இரண்டு பேர் நீளமான அளவு டேப்போடு நின்றார்கள். ஒருவன் சாலை நடுவில் ஒரு முனையை மிதித்துக்கொள்ள, மற்றவன் கடைப்பக்கம் இழுத்து வந்தான். காற்றில் டேப் வளைந்து தொய்ந்தது. அவன் அதைப் பொருட்படுத்தாமல் குனிந்து எண்ணைப் பார்த்துவிட்டு, “கோட்டுக்கு வெளியிலதான் வருது. நாலு விரல் தள்ளி. இந்தக் கடை தப்பிச்சுது,” என்றான்.

பெஞ்சில் இருந்தவர்கள் துள்ளி எழுந்தார்கள். ஜிமோ கத்தியும் கையுமாக ஓடிவந்தார். எதிர்ப்பக்கத்தில் சிலிஃபாவின் அம்மா இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினாள். லசீசி மெஷினிலிருந்து எழுந்து வந்தார். காற்றில் ஆடும் டேப்பையே பார்த்தபடி நின்றார்.

“உள்ள போடா!” என்று மாமியார் அங்கிருந்து கத்தினாள். “லசீசி, பேசாம உள்ள போயிடுடா!”

“டேப் தொங்குதுப்பா, தூரத்தைக் கூட்டிக் காட்டும்,” என்றார் அவர். அந்த ஆளின் கையிலிருந்து முனையை வாங்கி, தொய்வு போகும்வரை இழுத்து, தன் கடைச் சுவரில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.